வயிற்றுக்குள் ஓர் ஆரத்தித் தட்டு

காஞ்சிபுரத்துப் பக்கமுள்ள தென்னேரியில் யாரைக் கேட்டாலும் அல்சர் எதனால் வருகிறது என்று சொல்லிவிடுவார்கள். வேளைக்குச் சாப்பிடாததால், காரம் தின்றதால், கவலைப்பட்டதால். தறிக்காரர்களுக்கு மூன்றுமே உண்டு என்பதால், அவர்களுக்கு அது தொழிலோடு கூடவே வருகிற வியாதி என்றுதான் பேச்சு.

என் பெரியப்பா விடியற்காலையில் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால், கையில் எடுத்த பூவரிசை முடியாமல் எழமாட்டார். பெரியம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய்ச் சோற்றை மூடி வைத்துவிடுவார். நடுவில் டீ மட்டும் போகும். பதினோரு மணி வாக்கில் நாடாவை நிறுத்திவிட்டு, தொப்புளுக்கும் நெஞ்சுக்குழிக்கும் நடுவே ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு குனிவார். ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம், அவ்வளவுதான் அந்த இடம். ராத்திரி இரண்டு மணிக்கு அதே இடம் அவரை எழுப்பிவிடும். ஒரு டம்ளர் பால், இரண்டு பிஸ்கட், அதோடு அடங்கும். தறிக்குப் பக்கத்து மாடத்தில் ஊடைக் குழல்களோடு ஒரு ஜெலூசில் பாட்டிலும் எப்போதும் இருக்கும்.

‘நேரங்கெட்ட நேரத்தில் தின்று வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டார்’ என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. அவரும் அதை ஒப்புக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார். அந்தத் தீர்ப்பு தப்பு என்று எனக்குத் தெரியவந்தது ரொம்பப் பிற்பாடு.

எங்கள் வீட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மருத்துவ உலகமே 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய சாட்சி உண்டு: கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்திலுள்ள நெய்யூர்.

அன்றைக்கு அது திருவிதாங்கூர் சமஸ்தானம். லண்டன் மிஷன்காரர்கள் 1838-லேயே அங்கே வைத்தியம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேயக் குழுவில் ஹோவர்ட் சோமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். மலையிலிருந்து இறங்கியவர் ஊருக்குத் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம் என்று தெற்கே வந்தார். நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகள் குவிந்துகிடந்ததையும், உள்ளே ஒரே ஒரு அறுவை மருத்துவர் திணறியதையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். இடையில் 1924-ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய், ஆக்சிஜன் உருளை இல்லாமல் ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரம் வரை ஏறினார். இறங்கும்போது தொண்டையின் உள்தோல் கழன்று அடைத்துக்கொள்ள, சாகத்தான் போகிறோம் என்று பனியில் உட்கார்ந்து, கடைசி முயற்சியாக நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்தி அதை இருமித் துப்பினாராம். இப்படிப்பட்ட மனிதர் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் நெய்யூரில் என்ன செய்துகொண்டிருந்தார் என்றால், பெரும்பாலும் அல்சர் வயிறுகளைத் திறந்து தைத்துக்கொண்டிருந்தார்.

நெய்யூருக்கு வந்த கூலிக்காரர்கள், குடியானவர்களில் அத்தனை பேருக்கு முன்சிறுகுடலில் புண். இரைப்பையை விட்டு உணவு இறங்கியதும் வருகிற முதல் ஒரு சாண் குடல் அது. நாள்பட்ட புண் ஆறித் தழும்பாகி அந்த வழியையே சுருக்கிவிடும். தின்றது இறங்காது, வாந்தியாக வரும். சோமர்வெல் இரைப்பையின் அடியில் வேறொரு வழி திறந்து, சிறுகுடலை மேலே இழுத்து அதோடு சேர்த்துத் தைப்பார். அடைபட்ட தெருவுக்குப் புறவழிச் சாலை போட்ட மாதிரி. 1936-ல் அவரும் ஓர் (Orr) என்ற சக மருத்துவரும் சேர்ந்து, 2,500 அறுவைகளின் அனுபவத்தை வைத்து ஒரு பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவ்வளவு பெரிய கணக்கு வந்தது வெள்ளைக்கார மருத்துவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது.

எதனால் இத்தனை புண்? மரச்சீனிக் கிழங்கும் மிளகாயும் என்றார்கள். சும்மா சொல்லவில்லை. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற உணவு ஆராய்ச்சியாளர் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாடுகளைப் போட்டு வளர்த்துப் பார்த்தார். ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று வட இந்தியச் சாப்பாடு தின்ற எலிகளின் வயிறு சுத்தமாக இருந்தது. திருவிதாங்கூர் ஏழையின் மரச்சீனிச் சாப்பாடு தின்றவற்றில் கணிசமான எலிகளுக்கு வயிற்றில் புண். சோறு தின்ற ‘மதராஸ்’ எலிகள் இரண்டுக்கும் நடுவில் நின்றன. பிற்பாடு மைசூரில் வேலை பார்த்த ஃபிராங்க் டோவி என்ற அறுவை மருத்துவரும் இதே கோட்டைப் பிடித்துக்கொண்டு போனார்: அரிசி தின்னும் தெற்கில் புண் அதிகம், கோதுமை தின்னும் வடக்கில் குறைவு.

இவர்களைப் பார்த்து எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கண்ணெதிரே இருந்ததைத்தான் சொன்னார்கள், அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அல்சருக்குக் காரணம் என்று பிற்பாடு தெரியவந்த பைலோரி என்ற கிருமி வடக்கிலும் தெற்கிலும் ஒரேமாதிரி பரவிக்கிடக்கும்போது புண் மட்டும் ஏன் தெற்கில் கூடுதலாக இருந்தது என்ற டோவியின் கேள்வி நியாயமான கேள்வி. கிருமி வந்து எல்லாவற்றையும் விளக்கிவிட்டது என்று நினைப்பதும் ஒரு அவசரம்தான். ஆனால் அந்த 2,500 பேரின் வயிற்றிலும் சாப்பாட்டைத் தவிர வேறொன்று இருந்திருக்க வேண்டும் என்று யாரும் சந்தேகப்படவில்லை. இரைப்பைக்குள் ஊறுவது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று பாடப்புத்தகம் அடித்துச் சொன்னது. இத்தாலியில் பிட்சோசெரோ என்பவர் 1893-லேயே நாயின் இரைப்பையில் சுருள் கிருமிகளைப் பார்த்து எழுதி வைத்திருந்தார். அதைப் படித்தவர்கள் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டார்கள்.

கதையின் மீதி ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரில். பலரும் கேட்ட கதைதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1979-ல் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் இரைப்பைத் துணுக்கு ஒன்றில் வளைந்த கிருமிகளைக் கண்டார். 1981-ல் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் சேர்ந்துகொண்டார். ஆய்வகத்தில் எத்தனை முறை முயன்றும் கிருமி வளரவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டுகளைக் கொட்டிவிடுவது வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. திறந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! மெதுவாக வளரும் ஜாதி அது, அவ்வளவுதான். 1984-ல், யாரும் நம்பாத எரிச்சலில், 32 வயது மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலை எடுத்துத் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். பத்தாம் நாள் குழாய் விட்டுப் பார்த்தால் இரைப்பை முழுக்க அழற்சி. இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கெல்லாம் முன்பே, 1958 முதல், கிரேக்கத்தில் லிகூடிஸ் என்ற ஊர் டாக்டர் அல்சர்காரர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குணப்படுத்திக்கொண்டிருந்தார். அவருக்குக் கிடைத்தது அபராதம்.

கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. இரைப்பையின் கடைசி வாசலுக்குப் பைலோரஸ் என்று பெயர். கிரேக்கத்தில் வாயில்காப்போன் என்று அர்த்தம். கோயில் ஊர்க்காரர்களுக்கு நான் துவாரபாலகர் என்று சொன்னால் போதும். அந்த வாசலை ஒட்டிய பகுதியில்தான் இது குடியிருக்கிறது. அமிலத்தில் எப்படிப் பிழைக்கிறது? யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாகச் சுரக்கிறது. நம் உடம்பிலேயே ஊறும் யூரியாவை அந்த நொதி உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. அம்மோனியா காரம், நாக்கில் உறைக்கிற காரம் இல்லை, சுண்ணாம்பைப் போல அமிலத்தை முறிக்கிற காரம். அந்தக் காரப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, வாலைச் சுழற்றித் திருகாணி போலத் துளைத்து, இரைப்பைச் சுவரின் மேலுள்ள சளிப்படலத்துக்குள் பதுங்கிவிடுகிறது. அங்கே அமிலம் அவ்வளவாக எட்டாது.

அங்கிருந்துகொண்டு அது செய்கிற வேலைதான் விஷயம். சுவரில் அழற்சி உண்டாகிறது. அமிலம் போதும் என்று சொல்லும் ஹார்மோன் குறைகிறது, இன்னும் ஊற்று என்று சொல்லும் ஹார்மோன் கூடுகிறது. தேவைக்கு மேல் ஊறிய அமிலம் வாசல் தாண்டி முன்சிறுகுடலில் கொட்டுகிறது. அது அமிலம் தாங்கும் தோல் அல்ல, வெந்துபோகிறது. ஆக, எரிப்பது அமிலம்தான், நம் வீட்டுக்காரர்கள் சொன்னது அந்த அளவுக்குச் சரி. ஆனால் குழாயைத் திறந்துவிட்டவன் உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

1976-ல் சிமெடிடின் என்ற மருந்து வந்தபோது உலகம் கொண்டாடியதும், பிறகு அலுத்ததும் இதனால்தான். மாத்திரை அமிலத்தைக் குறைத்தது, புண் ஆறியது, கத்தி வேண்டாமல் போனது. நிறுத்திய ஒரு வருஷத்துக்குள் பெரும்பாலோருக்குப் புண் திரும்ப வந்தது. பெரியப்பாவின் ஜெலூசில் பாட்டில் காலியாகிக் காலியாகி மறுபடி வந்த கதையும் இதே.

அவருக்கு ஒருநாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. தலை சுற்றியது. அதற்கப்புறம்தான் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தொண்டை வழியாக டியூப் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் இரைப்பைச் சுவரிலிருந்து எள்ளளவு துணுக்கு ஒன்றைக் கிள்ளி எடுத்து, தீப்பெட்டியில் கால்வாசி இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டார். உள்ளே மஞ்சள் கூழ். ‘இருங்க, பாருங்க’ என்றார். கால் மணி நேரம் கூட ஆகவில்லை, துணுக்கைச் சுற்றி மஞ்சள் சிவக்கத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பெட்டி முழுக்கக் கருஞ்சிவப்பு ரோஜா நிறம்.

‘ஆரத்தி மாதிரி இருக்கு’ என்றார் பெரியம்மா. டாக்டர் சிரித்தார். பெரியம்மா சொன்னது உவமையே இல்லை. உள்ளே நடப்பது கிட்டத்தட்ட அதுவேதான். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால், காரம் பட்டு மஞ்சள் சிவக்கிறது. இந்தக் கூழில் யூரியாவும், காரம் பட்டால் நிறம் மாறும் ஒரு சாயமும் இருக்கும். துணுக்கில் பைலோரி இருந்தால் அதன் நொதி யூரியாவை அம்மோனியாவாக்கும், கூழ் சிவக்கும். கிருமி இல்லையென்றால் மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும். சாயப்பட்டறை ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

டியூப் விடாமலும் பார்க்கலாம். குறியிட்ட கார்பன் அணு சேர்த்த யூரியாவை விழுங்கச் சொல்லி, சற்று நேரம் கழித்து ஊதச் சொல்வார்கள். கிருமி இருந்தால் அந்தக் கார்பன் மூச்சில் வெளியே வரும். மலத்திலும் கிருமியின் புரதத்தைத் தேடலாம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனையை மட்டும் நான் அவ்வளவாக நம்பமாட்டேன். கிருமி எப்போதோ போயிருந்தாலும் அது ‘உண்டு’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இனி வைத்தியம். கிருமிதானே, ஒரு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் தீராதா என்று கேட்பார்கள். தீராது. சளிப்படலத்துக்கு அடியில் பதுங்கிய கிருமிக்கு மருந்து எளிதில் எட்டுவதில்லை. எட்டினாலும் இரைப்பை அமிலம் மருந்தையே சிதைத்துவிடும். அதோடு, பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் இந்த மருந்துகள் நன்றாகக் கொல்லும். அமிலத்துக்கு நடுவே பைலோரி பெருகாமல் சும்மா சுருண்டு கிடக்கும். அதனால்தான் ஆன்டிபயாடிக்கோடு கூடவே ஒமிப்ரசோல், பான்டப்ரசோல் போன்ற அமிலமடக்கியைக் காலை, இரவு சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு கொடுக்கிறார்கள். அமிலம் தணிந்ததும் கிருமி தைரியமாகப் பெருகும். அப்போது அடிக்க வேண்டும்.

ஒரு மருந்தால் அடித்தால் தப்பிக்கிற ஒன்றிரண்டு அந்த மருந்தையே பழகிக்கொள்ளும். காசநோய்க்கு ஒரே சமயத்தில் பல மாத்திரை தருவது ஏன் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதே கணக்கு இங்கேயும். பழைய முறையில் அமிலமடக்கியோடு அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின். இன்று பல நாட்டு மருத்துவர் சங்கங்களும் முன்னே வைப்பது நான்கு மருந்துக் கூட்டு: அமிலமடக்கி, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். எதுவானாலும் 14 நாள். நான்கு மருந்துக் கூட்டில் ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் மாத்திரை விழுங்க வேண்டியிருக்கும்.

அந்த 14 நாள் சுகமானதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாயில் செம்புக்காசு போட்டுக்கொண்ட மாதிரி ஒரு ருசி. வயிறு கலங்கும். பிஸ்மத் சாப்பிட்டால் நாக்கும் மலமும் கறுக்கும். ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தார் மாதிரி ஒட்டிக்கொண்டு நாற்றமடித்தால்தான் ரத்தம், வெறும் கறுப்பு பிஸ்மத்தின் நிறம். ஆனாலும் ஏற்கெனவே ரத்தம் போனவர்களும், தலை சுற்றல் இருப்பவர்களும் தாங்களே முடிவு செய்யாமல் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மெட்ரோனிடசோல் எடுக்கும்போது மது கூடாது. டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கினால் அது உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகளுக்கு அது கொடுக்கவே கூடாது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அமாக்சிசிலினும் ஆகாது. அதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பெரியப்பா ஆறாம் நாள் நிறுத்திவிட்டார். வலி போய்விட்டது, நாக்கு செத்துவிட்டது, இன்னும் எதற்கு என்றார். எட்டு மாதத்தில் பழைய இடமே மறுபடி அவரை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பியது. இரண்டாம் தடவை மருந்தையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒருமுறை அரைகுறையாகப் பட்ட கிளாரித்ரோமைசினை மறுபடி கொடுப்பதில் அர்த்தமில்லை.

பழுது அவர் மேல் மட்டும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜனும் பல ஊர் ஆய்வாளர்களும் சேர்ந்து இந்திய நோயாளிகளின் பைலோரிகளைச் சோதித்து 2003-ல் வெளியிட்டார்கள். (கீழாநெல்லியை மஞ்சள்காமாலைக் கிருமிக்கு எதிராகச் சோதித்து 1988-ல் உலகத்தைப் பேசவைத்த அதே தியாகராஜன்.) அவர்கள் பார்த்ததில் மெட்ரோனிடசோலுக்கு அடங்காத கிருமிகள் 70 சதவீதத்துக்கும் மேல். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வயிற்றுப்போக்கு என்றால் மெடிக்கல் ஷாப்பில் போய் ‘ரெண்டு மாத்திரை குடுங்க’ என்று கேட்டு வாங்கி, ஒன்றரை நாள் சாப்பிட்டுவிட்டு மீதியை அலமாரியில் போடுகிறோமே, அந்த மாத்திரை பெரும்பாலும் இதுதான். சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து என்பது அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. வயிற்றோட்டக் கிருமிக்குப் போட்ட அரைக் கல்லடி, பக்கத்தில் படுத்திருந்த பைலோரிக்கும் பட்டு அதை உஷார்ப்படுத்திவிட்டது. நான்கு மருந்துக் கூட்டில் பிஸ்மத்தும் முழு அளவு மெட்ரோனிடசோலும் 14 நாளும் சேரும்போது இந்த எதிர்ப்பையும் பெரிய அளவுக்குத் தாண்டிவிட முடிகிறது. பாதியில் விட்டால் முடியாது.

தறிக்காரர்களுக்கு இன்னொரு எதிரியும் உண்டு, அதை யாரும் எதிரியாக நினைப்பதில்லை. நாள் முழுக்கக் குழியில் குனிந்து மிதித்தால் இடுப்பு என்ன ஆகும்? அந்த வலிக்கு விழுங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன், ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் இரைப்பைச் சுவரின் காப்பையே கரைத்துவிடும். அல்சருக்கு இரண்டாவது பெரிய காரணம் இவைதான். கிருமியும் வலி மாத்திரையும் ஒரே வயிற்றில் சேர்ந்தால் ரத்தக் கசிவு பல மடங்காகிறது. பெரியப்பாவின் சட்டைப்பையில் டாக்டர் முதலில் தேடியது அந்த அட்டையைத்தான்.

அதற்காக ஊரெல்லாம் சோதனைக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. நம்மில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமியைச் சுமக்கிறோம். பெரும்பாலும் பத்து வயதுக்குள், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிவிடுகிறது. சுமப்பவர்களில் பத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வாழ்நாளில் புண் வருகிறது. நெஞ்சு கரிப்பதெல்லாம் அல்சரும் அல்ல. பலருக்கு அது அமிலம் மேலே எதுக்களிப்பது மட்டுமே. ஆனால் 1994-ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை பைலோரியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் வைத்தது. சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே இரைப்பைப் புற்று நெடுங்காலம் முன்வரிசையில் நின்றிருக்கிறது. அல்சர் என்று ஒருமுறை உறுதியானவர் கிருமியைப் பார்க்காமல் விட்டுவிட நியாயமே இல்லை.

மணத்தக்காளிக் கீரை நல்ல கீரை, தயிர் நல்ல தயிர். இரண்டும் பைலோரியை ஒழித்துக்கட்டாது. பால் சிறிது நேரம் தணிக்கும், பிறகு அதுவே அமிலத்தைத் தூண்டும்.

பெரியப்பா இரண்டாம் தடவை 14 நாளையும் முடித்தார். பெரியம்மா காலண்டரில் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். இப்போதும் அவர் பூவரிசை முடியாமல் எழுவதில்லை. மூன்று மணிக்குத்தான் சாப்பிடுகிறார், மோர்ச் சோற்றுக்குப் பச்சைமிளகாய் கடித்துக்கொள்கிறார். ராத்திரி இரண்டு மணிக்கு எழுவதில்லை.

உங்கள் வீட்டில் வருஷக்கணக்காக ஆசிட் மாத்திரை விழுங்கும் ஒருவர் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் ‘பைலோரி பார்த்தாச்சா?’ என்று கேளுங்கள். மருந்து கொடுத்தால் 14 நாளையும் முடியுங்கள். முடிந்து குறைந்தது நாலு வாரம் கழித்து, டாக்டரைக் கேட்டு ஆசிட் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மூச்சையோ மலத்தையோ மறுபடி சோதித்து, கிருமி இல்லை என்ற சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.